நாக்குக்கடியில் ஒரு மாத்திரை

முதல் தடவை அந்த அறைக்குப் போனபோது, ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்: "வூட்டுக்காரரு நேர்ல வரணும்மா. நீங்க வாங்கிட்டுப் போவ முடியாது. எங்க கண்ணு முன்னாடி போட்டு, கரைஞ்சப்பறந்தான் அனுப்புவோம்."

"எனக்குத்தாங்க" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். தாலிக்கயிற்றைப் பார்த்தார், கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார். "உங்களுக்கா?" என்று அவர் கேட்டது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பாதிப் பேர் என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரிய பையன்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

போதை ஊசியிலிருந்து மீள்வதற்கு மாத்திரை கொடுக்கும் இடம் அது. தர்மபுரியில் இருந்தது. நான் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். நாற்பது வயது முடிந்திருந்தது. பிளஸ் டூ வரை படித்தவள். மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் மனையும் உள்ள வீட்டின் மருமகள். கல்லூரியில் படிக்கிற ஒரு மகளுக்கு அம்மா. வெற்றிலைகூடப் போட்டுப் பழக்கமில்லை. அந்த பெஞ்சில் எனக்கு என்ன வேலை என்று அந்தப் பையன்கள் நினைத்ததில் தவறில்லை. பஸ்ஸில் வரும்போது நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழும். முப்பத்தைந்து வயதிலேயே இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொள்ளும். கீழே உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது முனகுவது எங்கள் ஊரில் யாருக்கும் வினோதமாகப் படாது. எனக்கு முதுகில் ஆரம்பித்தது. புழு பெரிதாகிவிட்டால் தினமும் கட்டுக் கட்டாக இலை வெட்டித் தலையில் சுமந்து வந்து போட வேண்டும். ஒரு நாள் கட்டை இறக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர்தான் பைக்கில் உட்கார வைத்து கம்பவுண்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கம்பவுண்டர் ஒரு காலத்தில் டவுனில் ஏதோ டாக்டரிடம் வேலை பார்த்தவர். பிறகு ஊரிலேயே தன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு, திரை கட்டி, வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

"நல்ல ஊசியாப் போடுங்க டாக்டரு, நாளைக்கு எல வெட்டணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

நல்ல ஊசியாகத்தான் போட்டார். வலி போனது. வலி மட்டும் போயிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அன்று சாயங்காலம் வழக்கம்போல ஒயின்ஷாப்புக்குப் போய்விட்டு வந்து என் வீட்டுக்காரர் கத்தினார். யாரோ பக்கத்து வீட்டில் கத்துவதைப் போல இருந்தது எனக்கு. நான் பாட்டுக்கு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

வாரம் ஒரு ஊசி என்று இருந்தது, ஒன்று விட்டு ஒரு நாள் ஆனது. ஊசி போடாத நாளில் ஓயாமல் கொட்டாவி வரும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகும். உடம்பெல்லாம் புல்லரிக்கும். வயிறு கலங்கும். கால் எலும்புக்குள் யாரோ நெருப்பை வைத்துத் திருகுவது போல இருக்கும். ஏதோ காய்ச்சல் என்று நினைத்தேன். "நரம்புத் தளர்ச்சிம்மா, ஊசிய நிறுத்தக்கூடாது" என்றார் கம்பவுண்டர். அவர் வெளியூர் போகிற நாட்களுக்கு மருந்தையும் ஊசியையும் கையிலேயே கொடுத்து, தொடையில் எப்படிக் குத்திக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருடத்தில் என் தொடை இரண்டும் பலகை போல இறுகிப்போயின. ஊசி வளையும், உள்ளே இறங்காது. இறங்குகிற இடமாகத் தேடித் தேடிக் குத்துவேன்.

அப்படிக் குத்திய ஓர் இடம் சீழ் பிடித்தது. நடக்க முடியாமல் போனபோதுதான் வீட்டுக்காரர் என்னை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் அவரைத் தனியாக வெளியே அழைத்துச் சொன்னார். பைக்கில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "குடிக்கிறவன்கூட நாலு பேருகிட்ட சொல்லிக்குவான்டி. இத நான் எங்க போயி சொல்றது?" என்றார்.

இரண்டு மூன்று மறுவாழ்வு இல்லங்களுக்கு போன் செய்து பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "லேடீஸ் எடுக்கறதில்லீங்க." அதற்கப்புறம் அவரும், பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய அக்காவும் சேர்ந்து ஒரு முடிவு செய்தார்கள். அந்தச் சமயம் புழு மனை காலியாக இருந்தது. ஒரு பேட்ச் பட்டுக்கூடு எடுத்துவிட்டு, ப்ளீச்சிங் பவுடர் அடித்துக் கழுவிப் போட்டிருந்தார்கள். என்னை அதற்குள் விட்டு வெளியே பூட்டினார்கள்.

என் நாத்தனார் ஜன்னல் வழியாகச் சோறு வைப்பார். "பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. ரெண்டு நாளு அப்பிடித்தான் இருக்கும். நானெல்லாம் மூணு புள்ள பெத்தவ, வலின்னா எனக்குத் தெரியாதா?" என்பார். ப்ளீச்சிங் நெடியில் வாந்தி எடுத்து எடுத்து, கடைசியில் வெறும் பித்தம்தான் வந்தது. புழுத் தட்டு வைக்கிற இரும்பு ஸ்டாண்டில் தலையை முட்டிக்கொண்டேன். கதவைத் திறக்கச் சொல்லி அவர்களை என்னென்ன பேசினேன் என்பதை எழுத எனக்கு இப்போதும் கை வராது. மகளிடம், அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, ஹாஸ்டலிலேயே இரு என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் கதவைத் திறந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுப்புடவை கொடுத்தார்கள். "பாத்தியா, மனசு வெச்சா முடியாதது ஒண்ணுமில்ல" என்றார் நாத்தனார். என் வீட்டுக்காரர் அன்று குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். அவர்களைப் பொறுத்தவரை எனக்கு நோய் போய்விட்டது. நடுக்கம் போயிருந்தது, உண்மைதான். ஆனால் தூக்கம் வரவில்லை. சோற்றுக்கு ருசி இல்லை. உயிரோடு இருப்பது ஒரு சுமையை இறக்காமல் தூக்கிக்கொண்டே நிற்பது போல இருந்தது. இது இன்னும் பல மாதம் இருக்கும் என்று சொல்ல யாரும் இல்லை. அடுத்த பேட்ச் கூடு விற்றுவிட்டு வந்த சமயத்தில், யாருக்கும் தெரியாமல் கம்பவுண்டர் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பழைய அளவையே போட்டார். இடையில் மருந்தை விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டிலிலேயே மூச்சு அடங்க ஆரம்பித்துவிட்டதாம். அவர் என்னை வாசல் மரத்தடிக்குத் தூக்கிவரச் செய்து, "மயக்கம் போட்டு உழுந்துட்டாங்க" என்று என் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆம்புலன்ஸில் போட்டுத் தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள்.

கண் விழித்தபோது ஒரு பெண் டாக்டர் பக்கத்தில் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தொடையைப் பார்த்திருக்கிறார், முகத்தைச் சுளிக்கவில்லை.

"அக்கா, உங்க மூள அந்த ஊசி இருந்தாத்தான் ஓடும்னு பழகிப்போச்சு. பூட்டி வெச்சா அது மாறாது. ஒரு மாத்திர இருக்கு. நாக்குக்கு அடியில வெக்கணும். அது அந்த ஊசி உக்கார்ற எடத்துல போயி உக்காந்துக்கும். போதை வராது, நடுக்கமும் வராது. நீங்க எல வெட்டலாம், சமைக்கலாம், தூங்கலாம்."

"எத்தன நாளைக்குங்க?"

"இப்ப சொல்ல முடியாது. வருஷக்கணக்காவும் ஆவலாம். நீங்களா அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது. தெனமும் வரணும். அதுதான் கஷ்டம்."

அப்படித்தான் அந்த பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன்.

மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுப்பார்கள், முழுதாகக் கொடுத்தால் வாயில் ஒளித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று. நாக்கைத் தூக்கச் சொல்லி நர்ஸ் பொடியைக் கொட்டுவார். விழுங்கக்கூடாது, பேசக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது. கரைகிறவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி. வாய் முழுக்கக் கசக்கும். அறை நிறைய ஆண்கள், ஒருத்தரும் பேசாமல், வாயை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே நான்.

முதல் நாள் அந்த பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். டவுனில் வெல்டிங் வேலை செய்கிற பாய். ஐம்பது வயதிருக்கும். "தங்கச்சி, இங்கன உக்காருங்க. தலைய கொஞ்சம் குனிஞ்சிக்கிட்டா கசப்பு தொண்டைக்கு எறங்காது" என்றார். எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவே தன் சாப்பாட்டுப் பையை வைத்தார். மறுநாளிலிருந்து அந்த ஓர இடம் எனக்கு என்று ஆகிவிட்டது. பையன்களில் யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், "டேய், அக்கா வருவாங்க, எந்திரி" என்பார்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். கனவுகூட இல்லாத தூக்கம். எழுந்து உட்கார்ந்து அழுதேன். புளிக்குழம்பின் வாசனை எனக்குத் திரும்ப வந்தது. புழு மனைக்குள் மறுபடி போனேன். அந்த வருடம் எங்கள் கூடு நன்றாக இருந்தது. அங்காடியில் கையில் எடுத்துப் பார்த்த வியாபாரிகள் கெட்டியான கூடு என்று சொன்னார்கள்.

ஆனால் புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கடைசிப் பருவத்தில் அது தின்கிற தீனிக்கு ஆள் அங்கேயே இருக்க வேண்டும். நான் இருட்டோடு எழுந்து இலை வெட்டிப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஓடி, தர்மபுரியில் வரிசையில் நின்று, கரைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் திரும்பி ஓடிவருவேன். பஸ் தவறினால் புழு பட்டினி. "ரெண்டு நாளைக்கு கையில குடுங்கம்மா" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"குடுக்கணும்னுதான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்க்கா. வெளிய போனா வித்துருவாங்கன்னு விட மாட்டேங்கறாங்க. மீறிக் குடுத்தா எடத்தையே மூடிருவாங்க."

தினமும் புடவை மாற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசுமோ அதைத்தான் பேசியது. நாத்தனார் அதைச் சேகரித்துத் தம்பியிடம் கொண்டுவந்து கொட்டினார். என் வீட்டுக்காரருக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போவது தெரியும். ஆனாலும் ஒரு நாள் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்தார். கதவருகில் நின்று, அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் நர்ஸிடம் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். டாக்டரிடமும் பேசினார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுவது போலத்தான் இதுவும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஒயின்ஷாப்பிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "போதைக்குப் போதையே மருந்தாம். நல்லா ஏமாத்தறாங்கடி. உன்னால எப்பத்தான் வுட முடியும்?" கேட்கும்போது அவர் வாயிலிருந்து வீசிய நெடி கதவருகில் நின்றிருந்த எனக்கே அடித்தது. "நீங்க எப்ப வுடுவீங்க?" என்று கேட்டேன். அறைந்தார். அதற்கு முன்னாலும் அறைந்திருக்கிறார், அது பெரிய விஷயமில்லை. அவர் கேட்ட கேள்வியை ஊரில் எல்லோரும் நியாயம் என்பார்கள், நான் கேட்டதைத் திமிர் என்பார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மகள் படிப்பை முடித்ததும் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. நல்ல குடும்பம். மகளுக்கும் பிடித்திருந்தது. கல்யாணம் அவர்கள் ஊர்ப் பக்கத்து மண்டபத்தில். முந்தின நாள் விடிகாலையிலேயே வேன் கிளம்பும் என்று முடிவானது.

"அந்த ரெண்டு நாளு நீ எங்கயும் போவக்கூடாது" என்றார் நாத்தனார். "சம்மந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா பொண்ண அனுப்பிட்டு நாம தூக்கு மாட்டிக்க வேண்டியதுதான்."

மறுபடி டாக்டரிடம் போய் நின்றேன். பத்திரிகையை நீட்டி, "ரெண்டே ரெண்டு மாத்திரைங்கம்மா" என்றேன். அவர் பத்திரிகையை வெகுநேரம் படித்தார். போனில் யாரிடமோ பேசினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் கஷ்டப்படும், மறுநாள் முதல் ஆளாக வந்துவிடுங்கள் என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. பெண் அழைப்பு, வரவேற்பு எல்லாம் சமாளித்துவிட்டேன். கல்யாணத்தன்று காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது. முதலில் கொட்டாவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். துடைக்கத் துடைக்க வந்தது. கையெல்லாம் புல்லரித்து நடுங்கியது. சுற்றி நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"ஒரே பொண்ணு பாரு. பெத்த வவுறு, தாங்குமா?"

"அழுவாத ஆத்தா. நாங்கெல்லாம் அனுப்பலியா?"

பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த என் மகள் திரும்பி, மருதாணிக் கையால் என் கண்ணைத் துடைத்தாள். "அழுவாதம்மா. ஓசூரு இங்கதான இருக்குது. வாராவாரம் வந்துடறேன்" என்றாள். அவளும் அழ ஆரம்பித்தாள். அப்போது எனக்கும் நிஜமாகவே அழுகை வந்தது. எது அழுகை, எது நோய் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வயிறு கலங்கியது. பாத்ரூமுக்கு ஓடினேன். திரும்ப வந்தேன். மறுபடி ஓடினேன்.

என் வீட்டுக்காரர் என்னை மளிகைச் சாமான் வைத்திருந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். வாழைத்தாருக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவே கம்பவுண்டர் நின்றிருந்தார். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அவருக்குப் பத்திரிகை உண்டு. வேட்டி, சென்ட் வாசனை, கையில் சின்ன பை.

"ஒண்ணும் ஆவாதும்மா. பாதி அளவுதான். மேடையில நிக்கணுமில்ல" என்றார்.

"வேணாங்க" என்றேன் வீட்டுக்காரரைப் பார்த்து. "மூக்க சிந்திக்கிட்டே நின்னுட்டுப் போறன். அழுவுறான்னுதான நெனைக்கறாங்க? நெனைச்சிக்கட்டும். அத மட்டும் வேணாம்."

"தாரை வாக்கறப்ப பாத்ரூமுக்கு ஓடுவியா? எல்லாரு முன்னாடியும்?" அவர் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டார். எப்போதும் கத்துகிற மனுஷன், அன்று குரல் உடைந்து கெஞ்சினார். "பொண்ணு கல்யாணம்டி. இன்னிக்கி ஒரு நாளு."

வெளியே மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானேதான் கையை நீட்டினேன்.

தாரை வார்க்கும்போது நிமிர்ந்து நின்றேன். சம்மந்தியம்மாவிடம் சிரித்துப் பேசினேன். பந்தியில் போய் எல்லோரையும் நன்றாகச் சாப்பிடச் சொன்னேன். "மனச தேத்திக்கிட்டாங்க பாரு, கெட்டிக்காரி" என்றார்கள். அன்று எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். அதில் இருக்கிறவர்களிலேயே அழகாக இருப்பது நான்தான். வீட்டுக்கு வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மறுநாள் நான் முதல் ஆளாகப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. எத்தனையோ மாதம் கழித்துத்தான் அந்த வாசலை மறுபடி மிதித்தேன். நடுவில் மனையில் இரண்டு பேட்ச் புழு நோய் வந்து செத்தது. கவனிக்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் அதற்கும் என்னையே திட்டினார். கல்யாணத்தன்று அறைக்குள் நடந்ததை அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

திரும்பப் போனபோது டாக்டர் திட்டவில்லை. கடைசி ஊசி எப்போது என்று மட்டும் கேட்டார். "இப்பவே குடுத்தா உடம்பு தாங்காது. கொட்டாவி ஆரம்பிச்சப்பறம் தர்றேன். இங்கயே இருங்க" என்று, தன் அறைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். சாயங்காலம் மாத்திரை வாயில் கரைந்தபிறகு பெஞ்சைப் பார்த்தேன். ஓரத்தில் வேறு யாரோ இருந்தார்கள்.

"பாய் வர்லியா?"

பையன்கள்தான் சொன்னார்கள். அவர் ஆந்திராப் பக்கம் ஒரு ஷெட் கட்டுகிற வேலைக்குப் போயிருக்கிறார். நல்ல வேலை, விட மனசில்லை. தினமும் தர்மபுரிக்கு வர முடியாது. போன இடத்தில் மாத்திரை கிடைக்கவில்லை. ஊசி கிடைத்திருக்கிறது. அங்கே லாட்ஜ் அறையில் இறந்து கிடந்தாராம். வீட்டில் மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டார்கள். பையன்களில் இரண்டு பேர் மட்டும் போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறார்கள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து சில அதிகாரிகள் அறையைப் பார்வையிட வந்தார்கள். "உங்களுக்கு என்ன குறை, சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டார் ஒருவர். பெஞ்சில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. போலீஸ் பயம் அவர்களுக்கு. நான் எழுந்தேன்.

"கையில குடுங்க சார். ஒரு வாரத்துக்காவது. இல்ல, எங்க ஊரு பக்கத்துலயே குடுங்க. தெனமும் பஸ் ஏறி வந்தா வூட்டு வேலைய யாரு பாக்கறது?"

"கையில குடுத்தா வித்துட மாட்டீங்களாம்மா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"எங்க ஊர்ல ஊசிய விக்கறாங்க சார், பத்து வருசமா. அங்க யாரும் வந்து கேக்கலியே?"

அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, குடிநீர் வசதி எப்படி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஆனால் அது வந்தது. நான் பேசியதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதி எழுதிப் போட்டது ஒரு காரணம். எங்கோ யாரோ விதியை மாற்றியிருப்பார்கள். முதலில் இரண்டு நாளைக்குக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு. பிறகு எங்கள் பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூலை அறை ஒன்றில் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதன்முறை ஒரு வாரத்துக்கான மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா, இதைக் கொடுக்கவா இத்தனை வருடம் என்று ஆத்திரம்தான் வந்தது. பாய் சாகாமலும், மளிகை அறையில் நான் கை நீட்டாமலும் தடுத்திருக்கும் இந்த ஒரு பொட்டலம்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள் என்றாலும் எங்கள் ஊரிலிருந்து அங்கே வருகிறவள் நான் ஒருத்திதான். கம்பவுண்டர் வீட்டுக் கட்டிலில் என்னைப் போலப் படுத்து எழுந்த பெண்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருத்தியிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். "எனக்கெல்லாம் அந்தப் பழக்கம் கெடயாதுக்கா, வலிக்குத்தான் போட்டுக்கறன்" என்றாள். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னேன். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

என் வீட்டுக்காரரும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இலை, புழு, கூடு, கரண்டு பில், இவற்றைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். "எப்ப வுடுவ?" என்பதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. ஒரு முறை நானே டாக்டரிடம் கேட்டு மெதுவாகக் குறைத்துப் பார்த்தேன். பாதியில் தூக்கம் போயிற்று. டாக்டர் மறுபடி ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி காதில் விழுந்தாலும் நான் இலை நறுக்குவதை நிறுத்துவதில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்த பிறகு, உதவிக்கு ஓசூர் போய் இருந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கல்யாணத்தன்று நடந்தது உட்பட. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "எங்க மாமியாருக்குத் தெரிய வேணாம்மா" என்றாள். பிறகு, கொஞ்சம் தணிந்து, "நீ மாத்திரைய பாத்ரூம்ல வெச்சிப் போட்டுக்க" என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் அவள் இருந்தாக வேண்டும்.

மறுநாள் காலை அப்படியே செய்தேன். கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பாதி கரைந்திருக்கும். கதவைத் தட்டினார் சம்மந்தியம்மா. "என்னாங்க, உள்ள போயி இவ்வளவு நேரமாவுது? உடம்புக்கு முடியலியா?"

வாயைத் திறந்தால் மருந்து வீணாகிவிடும். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"சம்மந்தி? ஏங்க?" மறுபடி தட்டினார்.

"அம்மா தலைக்கு ஊத்திக்கறாங்க அத்தை" என்றது என் மகளின் குரல்.

முழுதும் கரைகிறவரை நின்றேன். வாயைக் கொப்பளித்தேன். அப்புறம், விடியும்போதே குளித்துக் காய்ந்திருந்த தலையில் இன்னொரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.